காற்றுக்கும் கணக்கு வேண்டும்



நமது சங்க இதழில் வரி, உரிமம், எடைக்கல் முத்திரை, உணவுப் பாதுகாப்பு என்று பலவற்றைப் பற்றியும் எழுதி வருகிறோம். எல்லாம் தேவையானவைதான். இந்த முறை நம்மில் பலருடைய கிடங்கின் மூலையில் படபடவென்று ஓடிக்கொண்டிருக்கும் ஓர் இயந்திரத்தைப் பற்றி எழுத விரும்புகிறேன். அதுதான் ஏர் கம்ப்ரசர்.

"அது பஞ்சர் கடைச் சமாச்சாரம் ஆயிற்றே, மளிகைக்காரனுக்கு என்ன சம்பந்தம்?" என்று சிலர் கேட்கலாம். ஒரு காலத்தில் அது சரி. தராசும் சாக்கு மூட்டையும் கோணி ஊசியும் இருந்தால் கடை நடந்தது. இப்போது பருப்பும் சர்க்கரையும் மிளகாய்த்தூளும் அரைக் கிலோ, ஒரு கிலோ பாக்கெட்டாகத்தான் போகின்றன. அந்தப் பாக்கெட்டை ஒட்டும் இயந்திரத்தின் தாடையை அழுத்துவது காற்று. கிடங்கில் தூசி ஊத ஒரு ஏர் கன். சரக்கு ஏற்றும் குட்டி யானைக்கு டயரில் காற்று. சொந்தமாக நான்கைந்து வண்டி வைத்திருப்பவர்கள் வீல் நட் கழற்றும் இம்பாக்ட் கன்னும் வாங்கி மாட்டிவிட்டார்கள்.

இது எதுவும் இல்லாத சின்னக் கடைக்காரர்கூட காற்றின் வேலையைத்தான் விற்கிறார். அரிசி மூட்டையில் "சார்டெக்ஸ்" என்று அச்சிட்டிருக்கிறதே, அது என்ன? மில்லில் அரிசி மெல்லிய தாரையாக விழும்போது கேமரா ஒவ்வொரு மணியாகப் பார்க்கிறது. கறுப்பு மணி, கல் தெரிந்தால் அடுத்த நொடிக்குள் ஒரு சின்ன வால்வு திறந்து, அழுத்தக் காற்று அந்த ஒரு மணியை மட்டும் தட்டி வெளியே தள்ளுகிறது. இந்த இயந்திரத்தைப் பெயர் பெறச் செய்த ஆங்கிலேயக் கம்பெனியின் பெயரே சரக்கின் பெயராகிவிட்டது. காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்று நம் முன்னோர் சொன்னார்கள். இப்போது காற்றை நாமே செய்துகொண்டு தூற்றுகிறோம்.

செய்துகொண்ட காற்று என்பதால் அதற்குச் செலவும் உண்டு, ஆபத்தும் உண்டு. இரண்டையும் நாம் கணக்கில் எழுதுவதில்லை. அதுதான் என் வருத்தம்.

பார்த்துக்கொள்ள ஆள் யார்?

காற்றைக் கொண்டு வேலை வாங்கும் கருவிகள் இன்று நேற்று வந்தவை அல்ல. பிரான்ஸ் நாட்டையும் இத்தாலியையும் இணைக்க ஆல்ப்ஸ் மலைக்குள் மோன் செனி ரயில் சுரங்கத்தை 1857இல் தோண்டத் தொடங்கினார்கள். முதலில் கையால் உளி அடித்தார்கள். 1861இல் சொம்மெய்யே என்ற பொறியாளர் அழுத்தக் காற்றில் ஓடும் துளைக் கருவியைக் கொண்டுவந்தார். 1871இல் சுரங்கம் திறக்கப்பட்டது. நம் தமிழ்நாட்டில் கோயம்புத்தூரில் 1960இல் எல்ஜி நிறுவனம் மோட்டார் பட்டறைச் சாதனங்களும் கம்ப்ரசரும் செய்யத் தொடங்கியது. பெரிய பட்டறைகளிலிருந்து சின்னப் பட்டறைகளுக்கும், அங்கிருந்து நம் கிடங்குகளுக்கும் இந்த இயந்திரம் வந்து சேர்ந்தது.

வந்தபோது ஒன்றை மட்டும் வழியிலேயே விட்டுவிட்டு வந்தது. அதுதான் பார்த்துக்கொள்ளும் ஆள். நம் ஊர் மில்களில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர்கள் சிலரை எனக்குத் தெரியும். மில்லில் கம்ப்ரசர் என்றால் அதற்கென்று ஒருவர் இருப்பார், அழுத்தம் எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு என்று ஷிப்டுக்கு ஷிப்ட் எழுதி வைப்பார் என்று சொல்வார்கள். நம் கிடங்கில் யார் எழுதுகிறார்? சுவிட்சைப் போடுகிற பையன் உண்டு. அணைக்கிற பையன் உண்டு. பார்த்துக்கொள்கிறவர் எவரும் இல்லை. ஓடாமல் நின்றால்தான் மெக்கானிக்கைத் தேடுகிறோம்.

சட்டமும் நம்மைத் தேடி வருவதில்லை. அழுத்தத்தில் இயங்கும் சாதனம் எதுவும் பாதுகாப்பான அளவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 31ஆம் பிரிவிலேயே எழுதி வைத்தார்கள். ஆனால் மின்சாரம் வைத்து 10 பேராவது வேலை செய்யும் இடத்தைத்தான் அந்தச் சட்டம் தொழிற்சாலை என்றது. பின்னால் 2020இல் இயற்றப்பட்ட தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அந்த எண்ணிக்கையை 20 ஆக்கியது. நான்கு பேர் வேலை செய்யும் நம் பாக்கெட் கூடத்துக்கு எந்த இன்ஸ்பெக்டரும் வரப்போவதில்லை. வரவில்லை என்று சந்தோஷப்படுவதைவிட, பொறுப்பு முழுக்க நம் தலையில் இருக்கிறது என்று எண்ணுவதே முறை.

காசு எங்கே போகிறது?

நாம் வியாபாரிகள். முதலில் காசுக் கணக்கையே பார்ப்போம். காற்று சும்மா கிடைக்கிறது என்று நினைக்கிறோம். அழுத்திய காற்றோ கிடங்கிலேயே விலை கூடிய சரக்கு. மோட்டார் தின்னும் மின்சாரத்தில் பெரும் பகுதி சூடாகப் போய்விடுகிறது. 10இல் 1 பங்குதான் கருவியின் முனையில் வேலையாக வருகிறது.

இந்த நிலையில் கசிவும் சேர்ந்தால்? 7 கிலோ அழுத்தத்தில், ஒன்றரை மில்லிமீட்டர் ஓட்டை வழியாகப் போகும் காற்றுக்கு ஏறத்தாழ 0.8 கிலோவாட் மின்சாரம் வீணாகிறது. கோணி ஊசி நுழையும் அளவு ஓட்டைதான் அது. ஆனால் 2 குதிரைத்திறன் மோட்டாரின் பாதி உழைப்பு அதில் போகிறது. 10 மணி நேரத்துக்கு 8 யூனிட். கணக்குக்காக யூனிட் 7 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் நாளைக்கு 56 ரூபாய், 26 நாள் வேலைக்கு 1,456 ரூபாய். கல்லாவிலிருந்து தினமும் 56 ரூபாயை ஒருவர் எடுத்தால் விடுவோமா? "ஸ்ஸ்" என்று சத்தம் போட்டே எடுக்கிறது, நாம் விட்டுவிடுகிறோம்.

இதைக் கண்டுபிடிக்க மெக்கானிக் தேவையில்லை. கடை அடைக்கும் நேரத்தில், எல்லா வேலையும் நின்ற பிறகு, டாங்கியை நிரப்பி மோட்டாரை அணைத்துவிடுங்கள். முள் எங்கே நிற்கிறது என்று எழுதுங்கள். 10 நிமிடம் கழித்து மறுபடி எழுதுங்கள். முள் இறங்கியிருந்தால் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். நுரை கிளம்பும் இடம்தான் ஓட்டை. பெரும்பாலும் ஐந்து பத்து ரூபாய் வாஷரிலோ தளர்ந்த கிளிப்பிலோ முடிந்துவிடும்.

இன்னொன்று. 6 கிலோவில் ஓடும் பாக்கெட் இயந்திரத்துக்கு 10 கிலோ வரை ஏற்றி வைப்பது பெருமை அல்ல. ஒரு கிலோ குறைத்து வைத்தால் மின்சாரத்தில் 6 முதல் 10 சதவீதம் வரை மிச்சமாகும். இயந்திரத்துக்குத் தேவையானதற்கு ஒரு கிலோ கூடுதலாக இருந்தால் போதும்.

நம் ஊர்க் காற்றில் தண்ணீர் அதிகம்

புதுச்சேரி கடலோர ஊர். உப்புப் புட்டியைத் திறந்து வைத்தால் மாலைக்குள் கசிந்துவிடும். அந்த ஈரத்தைத்தான் கம்ப்ரசர் இழுக்கிறது. 30 டிகிரி வெப்பத்தில், ஈரப்பதம் 80 சதவீதம் இருக்கும் நாளில், ஒரு கன மீட்டர் காற்றில் ஏறத்தாழ 24 கிராம் தண்ணீர் இருக்கிறது. காற்றை எட்டில் ஒரு பங்காக அழுத்தும்போது அவ்வளவு தண்ணீரைக் காற்றால் தாங்க முடியாது. டாங்கியில் சூடு ஆறியதும் கீழே இறங்கிவிடும். 2 குதிரைத்திறன் இயந்திரம் ஒன்று நான்கு மணி நேரம் நிற்காமல் ஓடினால் முக்கால் லிட்டருக்கு மேல் தண்ணீர் சேரும்.

இந்தத் தண்ணீர் இரண்டு வழியில் கெடுக்கிறது. ஒன்று, சரக்கு. எனக்குத் தெரிந்த ஒரு கிடங்கில் உளுத்தம்பருப்பு பாக்கெட்டுகள் ஒட்டு விட்டு விட்டுத் திரும்பி வந்தன. ஹீட்டரை மாற்றினார்கள். பிலிம் சரியில்லை என்று ரோல் கொடுத்தவரோடு சண்டை போட்டார்கள். கடைசியில் ஒரு வயதான மெக்கானிக் வந்து, வேறு எதையும் தொடாமல் ரெகுலேட்டருக்குக் கீழே இருந்த கண்ணாடிக் கிண்ணத்தைக் காட்டினார். அதில் விளிம்பு வரை தண்ணீர். "முதலாளி, தாடை அழுத்துறது காத்து இல்ல, தண்ணி" என்றார். சிலிண்டருக்குள் கிரீஸ் கழுவப்பட்டு, தாடை ஒரு முறை இறுக்கமாகவும் ஒரு முறை தளர்வாகவும் கடித்துக்கொண்டிருந்தது. ஒட்டு விட்ட பாக்கெட்டில் ஈரம் ஏறும், வண்டு விழும். கெட்ட பெயர் நமக்கு.

இரண்டாவது, உயிர். தண்ணீர் டாங்கியின் அடியில் தேங்கி, உள்ளிருந்து துரு தின்கிறது. வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும். தகடு மெலிந்துகொண்டே வரும். அதன்மேல் இருக்கும் பாரம் எவ்வளவு தெரியுமா? 8 கிலோ அழுத்தம் என்றால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் 8 கிலோ. உள்ளங்கை அளவு இடம், அதாவது 10க்கு 10 சென்டிமீட்டர், 800 கிலோவைத் தாங்குகிறது. 50 கிலோ மூட்டை 16! அந்த உள்ளங்கை இடம் துருப்பிடித்த காகிதம்போல் ஆனால் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பக்கத்தில் நின்று பாக்கெட் அடுக்குகிறவர் யாருடைய வீட்டுப் பிள்ளை?

ஆகவே தினமும் மாலையில் டாங்கியின் அடியில் உள்ள டிரெயின் காக்கைத் திறந்து தண்ணீரை விடுங்கள். ஒரு நிமிட வேலை. வாரம் ஒரு முறை சேப்டி வால்வின் வளையத்தை இழுத்து அது திறக்கிறதா என்று பாருங்கள். அடிக்கடி காற்று விடுகிறதே என்று அந்த வால்வை அடைத்து வைப்பவரைக் கண்டால் இயந்திரத்தை உடனே நிறுத்திவிடுங்கள். டாங்கியில் பொட்டு ஓட்டை விழுந்தால் வெல்டிங் வைத்து ஓட்டலாம் என்று எண்ணாதீர்கள். ஒரு பொட்டு விழுந்த இடத்தைச் சுற்றித் தகடு முழுவதும் மெலிந்திருக்கும். டாங்கியை மாற்றுவதுதான் வழி.

எண்ணெய், தூசி, மருந்து

பிஸ்டன் ரிங் தேய்ந்தால் எண்ணெய் காற்றோடு போகும். பஞ்சர் கடையில் அது பெரிய விஷயம் அல்ல. நமக்குப் பெரிய விஷயம். பாக்கெட்டின் வாயை ஊதித் திறக்கும் காற்று நேராகப் பருப்பில் படுகிறது. வெள்ளைத் துணியை ஏர் கன் முன்னால் பிடித்து ஒரு நிமிடம் ஊதிப் பாருங்கள். கறை விழுந்தால் அதே கறை சரக்கிலும் விழுகிறது. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் பாக்கெட் போட்டவர்தான் பதில் சொல்ல வேண்டும். காற்று உணவில் படும் வேலைக்கு எண்ணெய் இல்லாத கம்ப்ரசர் வாங்குவது நல்லது. குறைந்தபட்சம் நல்ல பில்டராவது வேண்டும்.

கம்ப்ரசரை வைக்கும் இடமும் முக்கியம். மிளகாய்த்தூளும் மாவும் பறக்கும் இடத்தில் வைத்தால் பில்டர் ஒரே வாரத்தில் அடைத்துக்கொள்ளும். வண்டுக்கு மாத்திரை வைத்துக் கிடங்கை மூடும்போது கம்ப்ரசரை உள்ளே வைக்காதீர்கள். அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையிலிருந்து வரும் வாயு மனிதனுக்கு விஷம் என்பது நமக்குத் தெரியும். அது செம்பையும் அரிக்கும். மோட்டார் சுருளும் வயர் முனைகளும் செம்புதானே?

கோளாறு வந்தால்

மெக்கானிக் வருவதற்கு முன் நாமே பார்க்கக்கூடியவை சில உண்டு. மெயின் சுவிட்சை அணைத்து, டாங்கியில் காற்றை இறக்கிய பிறகே கை வைக்க வேண்டும்.

1. மோட்டார் ஓடுகிறது, அழுத்தம் ஏறவில்லை: முதலில் ஏர் பில்டர் அடைப்பு, அடுத்து பெல்ட் வழுக்கல், அடுத்து கசிவு. இந்த மூன்றும் இல்லையென்றால் ஹெட்டில் உள்ள வால்வு பிளேட். அது மெக்கானிக் வேலை.

2. மோட்டார் உறுமுகிறது, சுழலவில்லை: வோல்டேஜ் குறைவாக இருக்கலாம். மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரில் ஓட்டினால் இது கட்டாயம் வரும். வயர் குட்டையாகவும் தடிமனாகவும் இருக்கட்டும், தூரத்துக்குக் காற்றுக் குழாயை நீட்டிக்கொள்ளுங்கள். வயர் சரியாக இருந்தால், செக் வால்வு கசிந்து ஹெட்டில் அழுத்தம் தங்கியிருக்கும், அல்லது கபாசிட்டர் போயிருக்கும்.

3. மோட்டார் அடிக்கடி நின்று நின்று ஓடுகிறது: எங்கோ கசிவு, அல்லது டாங்கி பாதி தண்ணீர்.

4. இம்பாக்ட் கன் பலமில்லாமல் சுற்றுகிறது: கேஜில் அழுத்தம் சரியாக இருந்தாலும் குழாய் மெல்லியதாகவும் நீளமாகவும் இருந்தால் கன்னுக்குக் காற்று போதாது. தினமும் வேலை தொடங்கும் முன் காற்று நுழையும் வாயில் சில சொட்டு ஏர் டூல் எண்ணெய் விடுங்கள். தண்ணீரும் துருவும் உள்ளே போனால் அதன் சிறகுத் தகடுகள் ஒட்டிக்கொள்ளும்.

5. வெள்ளம் புகுந்தது: 2024 நவம்பர் 30 அன்று பெஞ்சல் புயல் நம் ஊரைக் கடந்தபோது ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதை மறந்திருக்க மாட்டோம். நீரில் நனைந்த மோட்டாரை வெயிலில் ஒரு நாள் காய வைத்துவிட்டு சுவிட்சைப் போடாதீர்கள். எலக்ட்ரீஷியன் மெகர் வைத்துப் பார்த்துச் சொன்ன பிறகே ஓட்ட வேண்டும். முடிந்தவரை இயந்திரத்தை ஒன்றரை அடி மேடையில் வையுங்கள்.

வண்டிச் சக்கரமும் மனித உடம்பும்

இம்பாக்ட் கன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நட்டைக் கழற்ற அது நல்ல கருவி. மாட்டும்போது முதல் மூன்று மரை கையால் ஏற வேண்டும். பிறகு எதிரெதிர் நட்டாக இறுக்கி, கடைசி இறுக்கத்தை டார்க் ரெஞ்சில் வண்டிக் கம்பெனி சொன்ன அளவுக்கு முடிக்க வேண்டும். கன் வைத்தே கண்டபடி இறுக்கினால் ஸ்டட் நீண்டு போய், ஒரு டன் சரக்கோடு திண்டிவனம் ரோட்டில் போகும்போது ஒடியும். 50 அல்லது 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி ஒரு முறை பார்க்க வேண்டும். வெள்ளி மாதிரி மின்னும் சாதாரண சாக்கெட்டை இம்பாக்ட் கன்னில் மாட்டாதீர்கள், வெடித்துச் சிதறும். அதற்கென்று கறுப்பு சாக்கெட் தனியாக உண்டு.

எல்லாவற்றையும்விட முக்கியமானது இது. மாலையில் சட்டையில் ஒட்டிய மாவைப் பையன்கள் ஏர் கன் வைத்து ஊதிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். விளையாட்டுக்கு ஒருவர்மேல் ஒருவர் ஊதுவதும் உண்டு. தோலில் சின்னக் காயம் இருந்தாலும் காற்று உள்ளே புகும். கண் போகும், காது ஜவ்வு கிழியும். உடம்பின் துவாரத்தில் குழாயை வைத்து விளையாடிக் குடல் கிழிந்து இறந்தவர்களைப் பற்றி நம் நாட்டுச் செய்தித்தாள்களில் பல முறை வந்திருக்கிறது. தரையைச் சுத்தம் செய்யக்கூட 30 பவுண்டுக்கு மேல் காற்றைப் பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்காவில் விதி வைத்திருக்கிறார்கள். நம் டாங்கியில் இருப்பதோ 110 பவுண்டுக்கு மேல். "உடம்பில் காற்று அடித்தால் அன்றே வேலை இல்லை" என்று முதல் நாளே சொல்லிவிடுவது முதலாளியின் கடமை. மாவைத் தட்ட ஒரு பிரஷ் வாங்கிக் கொடுங்கள்.

என் யோசனை

"இதற்கெல்லாம் நேரம் ஏது?" என்பார்கள். தண்ணீர் விட ஒரு நிமிடம், முள் பார்க்க ஒரு நிமிடம், எழுத ஒரு நிமிடம். தினமும் கல்லாவை எண்ணாமல் கடை அடைக்கிறோமா?

ஒவ்வொருவரும் செய்ய வேண்டியது ஒன்று. கம்ப்ரசர் பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். தேதி, அழுத்தம், தண்ணீர் விட்டது, எண்ணெய் மட்டம், கையெழுத்து. கையெழுத்துப் போடும் ஆள் யார் என்று பெயர் சொல்லி நியமியுங்கள். அவருக்கு மாதம் நூறு ரூபாய் கூடக் கொடுத்தால் நஷ்டமாகாது.

சங்கம் செய்ய வேண்டியது ஒன்று. டாங்கியைத் தண்ணீர் நிரப்பி, வேலை அழுத்தத்தைப் போல் ஒன்றரை மடங்கு அழுத்திப் பார்க்கும் சோதனை இருக்கிறது. தண்ணீர் காற்றைப்போல் விரியாது. அதனால் தகடு விட்டாலும் பெரிய வெடிப்பு நேராது. இதைத் தகுதியுள்ளவர்தான் செய்ய வேண்டும். தனித்தனியே கூப்பிட்டால் வரமாட்டார்கள், வந்தாலும் செலவு அதிகம். எடைக்கல்லுக்கு முத்திரை போட ஒரே இடத்தில் முகாம் வைப்பதுபோல, ஆண்டுக்கு ஒரு முறை நம் சங்கமே நாள் குறித்து, உறுப்பினர்களின் டாங்கி, சேப்டி வால்வு, கேஜ் மூன்றையும் பார்க்க ஏற்பாடு செய்யலாம். மேட்டுப்பாளையம், தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டைகளில் இந்த வேலை தெரிந்தவர்களைத் தேடிப் பிடிப்பது கடினமல்ல. செலவைப் பகிர்ந்துகொண்டால் ஒருவருக்கு ஒரு மூட்டை அரிசியின் லாபம்கூட ஆகாது. மழைக்காலம் தொடங்கும் முன் புரட்டாசியில் வைத்தால் பொருத்தமாக இருக்கும்.

தராசு முள் நேராக நிற்கிறதா என்று பார்ப்பது வணிகரின் வழக்கம். அழுத்த முள்ளையும் அதே கண்ணால் பார்க்கப் பழகிக்கொள்வோம். அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக எடுத்துக்கொள்ள வேண்டுமென்று நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன். கூட்டம் கூடும் வரை காத்திராமல், இன்று மாலையே டிரெயின் காக்கை ஒரு முறை திறந்து பாருங்கள் என்று உறுப்பினர்களையும் அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

— தானிய மொத்த வியாபாரி, புதுச்சேரி